மூன்றாவது சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சம்பழம்

தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை வாயை மூடிக்கொண்டு இருக்கும். இன்னொரு வகை பேசும். நான் ஆயுள் முழுக்கக் கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தியவன். எந்த வகை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் காரவன் கதை வந்துவிடும். அந்தக் கதையின் கோமாளி என் மைத்துனன் மாசானம். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன். நான் சிரித்திருக்கக் கூடாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாசானம் என் மனைவி பகவதியின் தம்பி. நாங்குநேரிப் பக்கமிருந்து, நாங்கள் குடியிருந்த திருவனந்தபுரத்துக்கு வந்து, ஓட்டல் ஓட்டலாகத் தோசை மாஸ்டராக நின்றவன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஊரின் வடக்கு ஓரத்தில், கழக்கூட்டம் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்தன. கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, பசியோடு நடமாடும் பிள்ளைகளைப் பார்த்தவனுக்கு, சக்கரம் வைத்த ஓட்டல் என்று ஒரு யோசனை தோன்றியது. சினிமாக்காரர்கள் மேக்கப் போட வைத்திருந்து கழித்துப்போட்ட காரவன் ஒன்றை வாங்கி வந்தான். தானாக ஓடாது, ஜீப்பில் கோர்த்து இழுக்க வேண்டும். உள்ளே அடுப்பு, தோசைக்கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தினான். சுற்றிலும் பல்பு வைத்த மேக்கப் கண்ணாடியை மட்டும் கழற்ற மனசு வரவில்லை. (“இருந்துட்டுப் போட்டும், திங்க வாரவங்க தலை சீவிக்கிடட்டும்” என்றாள் அவன் மனைவி செல்வி.)

ஒரு கம்பெனியில், ஒரு நாள் காலை அறுபது பேருக்குத் தோசை போட்டுக் காட்டு, பிடித்தால் தினமும் நீயே போடு என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பிப் புருஷன் பெண்டாட்டி இருவரும் இருந்த வேலையை விட்டுவிட்டார்கள். அந்த ஒரு காலைப் பொழுதின் மேல்தான் அவர்கள் குடித்தனமே உட்கார்ந்திருந்தது.

வண்டியில் ஒரே ஒரு குறை. ஜாக்கி வீல் இல்லை. ஜீப்பிலிருந்து காரவனைக் கழற்றினால் அதன் மூக்கு தரையில் குத்திவிடும். குத்தாமல் தாங்குவதற்கு மூக்கின் அடியில் ஒரு சின்னச் சக்கரம் வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் இறங்கும், திருப்பிச் சுற்றினால் ஏறும். அதுதான் ஜாக்கி வீல்.

“சாலைக் கடைத்தெருவுல போயி ஒண்ணு வாங்கிப் போட்டாப் போச்சு அத்தான்” என்றான் மாசானம்.

“வாங்கிப் போட்டாப் போச்சா? மூக்குல எவ்வளவு பாரம் எறங்குதுன்னு தெரியுமாலே உனக்கு?”

அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் எனக்குக் கணக்குப் போடத் தெரியும். பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் காரவனை ஒரு செவ்வகமாக வரைந்து, அம்புக்குறிகள் போட்டு, பாரத்தைக் கண்டுபிடித்தேன். (தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். தொட்டி ஏன் வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.)

சாலைக் கடைத்தெருவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், துருப்பிடித்த ஒரு முரட்டு ஜாக்கி வீலைத் தூக்கி வந்து தரையில் போட்டார்.

“ஜெனரேட்டர் வண்டியில கெடந்தது சார். கனத்த ரப்பர் டயரு. குழியில விழுந்தாலும் எந்திரிச்சு வந்துரும். சுத்துறதுக்குக் கொஞ்சம் கை நோவும், அவ்வளவுதான்.”

என் கண் கண்ணாடி அலமாரியில் இருந்த இன்னொன்றின் மேல் இருந்தது. பளபளவென்று முலாம் பூசிய குழாய், உள்ளங்கை அகலத்தில் வெள்ளை வெளேரென்று நைலான் சக்கரம். கைப்பிடியை ஒற்றை விரலால் சுற்றினேன். வெண்ணெயாக ஓடியது.

“அது வேண்டாம் சார். சமதரையில உருட்டுத சாமானாக்கும். நம்ம செம்மண்ணுல எறக்குனா புதைஞ்சுரும்.”

“அண்ணாச்சி, சக்கரம் எவ்வளவு கெட்டியா இருக்கோ அவ்வளவுக்கு உருளும்போது உராய்வு கம்மி. ரப்பர் அமுங்கும். அமுங்கினா சக்தி வீண். நான் பிசிக்ஸ்.”

அவர் என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி சார்” என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அந்த ‘சரி சார்’ எனக்கு அன்று பாராட்டாகக் கேட்டது.

அந்த நாள் வந்தது. கரமனையில் எங்கள் வீட்டு வாசலில் காரவன் சந்தனமும் மாலையுமாக நின்றது. ஜீப் டிரைவர் சுகுமாரன், இந்த ஊர் மலையாளி, மூக்கைக் கொக்கியில் கோர்த்துவிட்டார். செல்வி இரண்டு பெரிய சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். புது வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டும் அல்லவா?

“மூணாவது பழம் எங்கே?” என்றேன்.

“மூணாவதா? ரெண்டு சக்கரம்தானண்ணே?”

“அப்போ இது யாரு?” என்று என் நைலான் செல்வத்தைக் காட்டினேன். நான் தேர்ந்தெடுத்த சக்கரத்துக்கு மட்டும் பழம் இல்லையா?

“ஓடுத சக்கரத்துக்குத்தானங்க பழம்” என்றாள் பகவதி.

சுகுமாரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “சாரே, ஆ சக்கரம் மேலே கேற்றணம், கேட்டோ. ஓடும்போ அது தரையில முட்டக் கூடாது.”

“தெரியும் சுகுமாரா. ஒரு அடி மட்டும் உருட்டு. பழம் நசுங்கினதும் நானே ஏத்திடுறேன்.”

சக்கரத்தை இறக்கி, பழம் வைத்தேன். ஜீப் ஒரு அடி நகர்ந்தது. பெரிய சக்கரங்களின் பழங்கள் இரண்டும் நசுங்கின. என்னுடையது வழுக்கி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுச் சாக்கடையில் விழுந்தது. விடுவேனா? இன்னொரு பழம் வைத்தேன். இந்த முறை நசுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். செல்வி மாவுப் பாத்திரங்களோடு ஆட்டோவில் முன்னால் போய்விட்டாள். நான் மந்திரி ஏறுவதுபோல ஜீப்பின் முன்சீட்டில் ஏறினேன்.

பின்னால் சட்டி பானைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மாசானம் கேட்டான்: “அத்தான், சக்கரத்த ஏத்தியாச்சா?”

“ஏத்தியாச்சு.”

நான் ஏற்றவில்லை. கைதட்டலில் மறந்துபோயிருந்தேன். அவன் கேட்ட அந்த நொடியில் ஒரு சின்னச் சந்தேகம் வரத்தான் செய்தது. இறங்கிப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் கேட்டவன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், பதில் சொன்னவன் எம்.எஸ்ஸி. இறங்கிப் பார்ப்பதாவது!

வழியெல்லாம் பின்னாலிருந்து ஓர் ஊளைச் சத்தம் வந்தது. “சாரே, எந்தோ ஒரு சப்தம்” என்றார் சுகுமாரன். “பாரம் ஏறின வண்டி. அதிர்வு. அப்படித்தான் இருக்கும்” என்று, ஒத்ததிர்வைப் பற்றி, உள்ளூர் என்கிற இடத்தின் ஏற்றம் முடியும்வரை அவருக்கு விளக்கினேன். ஸ்ரீகாரியம் தாண்டியதும் பைக்கில் வந்த ஒரு பையன் பக்கத்தில் ஒட்டி ஓட்டிக்கொண்டு, “சேட்டா! வீல்! வீல்!” என்று கத்தினான்.

“ஆமா, வீல்தான். புதுசு!” என்று நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் கண்கள் விரிந்தன. பிறகு தலையில் அடித்துக்கொண்டு முந்திப் போய்விட்டான். (மலையாளிகளுக்கு ரசனை அதிகம் என்று மாசானத்திடம் சொன்னதாக ஞாபகம்.)

அதன் பிறகு ஒரு வேகத்தடை. டமால் என்று ஓர் ஓசை. ஊளை நின்றது. “பாத்தியா, சரியாயிட்டு” என்றேன்.

கழக்கூட்டத்தில் இறங்கிப் பார்த்தோம். வெள்ளை நைலான் சக்கரம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. முலாம் குழாய் யானைத் தந்தம்போல வளைந்து நின்றது. சுகுமாரன் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஞான் பறஞ்ஞதல்லே சாரே?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு வித்துராவில் வேறு சவாரி இருந்தது. செங்கல்லையும் பாறைத் துண்டையும் அடுக்கி, மூக்கை அதன்மேல் இறக்கிவிட்டு ஜீப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

மூக்கு தாழ்ந்து, காரவன் தண்ணீர் குடிக்கும் மாடு மாதிரி நின்றது. உள்ளே செல்வி தோசை வார்த்தாள். மாவு கல்லின் ஒரு பக்கமாக ஓடியது. மேல்பாதி அப்பளம், கீழ்பாதி அடை. வரிசையில் முதலில் நின்ற பெண் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதெந்தா சேச்சி, தோசைக்கு வாலு முளச்சோ?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சாப்பிட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். மாசானத்தின் சாம்பார் அப்படி. இரண்டாவது தோசைக்கு மறுபடி வரிசையில் நின்றார்கள். அத்தோடு நான் சும்மா இருந்திருந்தால், வால் முளைத்த தோசையோடேயே அவர்களுக்கு அந்த வேலை கிடைத்திருக்கும். இப்போதும் அப்படித்தான் நம்புகிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற லாரியில் ஒரு ஜாக்கி இரவல் வாங்கி, வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். மூக்கை இரண்டு அங்குலம் உயர்த்தினால் மட்டமாகிவிடும். அப்போது பளபளக்கும் பூட்ஸ் இரண்டு என் முகத்துக்கு அருகில் வந்து நின்றன.

“குட் மார்னிங் சார்! சார் எந்தா இவிடே?”

கம்பெனி மேனேஜர். என் பழைய மாணவன் ராஜீவ்.

“ஒண்ணுமில்ல ராஜீவ். சின்ன பாலன்ஸ் பிரச்சினை.”

“சார் எடுத்த டார்க் கிளாஸ் இப்பவும் ஓர்மையுண்டு சார்!”

டார்க் என்றால் முறுக்கு விசை; அந்தப் பாடத்தை இன்னும் நினைவில் வைத்திருக்கிறான். இதற்குமேல் ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்? மாணவன் பார்க்க, இன்னும் ஒரு சுற்று, இன்னும் அரைச் சுற்று என்று ஏற்றினேன். ஜாக்கி செம்மண்ணில் சரிந்தது. நான் உருண்டு வெளியே வந்ததற்கும் மூக்கு தரையில் குத்தியதற்கும் இடையே ஒரு மூச்சு நேரம்தான். உள்ளே பாத்திரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. சாம்பார் அண்டா வாசல்வரை வழுக்கி வந்து குப்புறக் கவிழ்ந்தது. பின்னாலேயே சட்னி. அதற்குப் பின்னால் மாவு. நல்ல காலம், யாருக்கும் அடி இல்லை. ராஜீவின் பூட்ஸ்தான் முருங்கைக்காயோடு நின்றது.

அவன் முகம் மாறிவிட்டது. “ஆரா இதினு உத்தரவாதி?” என்றான்.

யார் பொறுப்பு என்று கேட்கிறான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாசானம் என் முன்னால் வந்து நின்றான்.

“நான்தான் சார். வரும்போது சக்கரத்த ஏத்தி வைக்க மறந்துட்டேன். சார் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

செல்வி காரவன் வாசலில் கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தாள். ராஜீவ் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

என் குற்றம் அதுதான். தவறான சக்கரத்தை வாங்கியது முட்டாள்தனம், ஏற்ற மறந்தது மறதி. தலையாட்டியது நானாகச் செய்தது.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. மாசானம் மறுபடி ஒரு வருடம் யாரோ ஒருவர் ஓட்டலில் மாஸ்டராக நின்றான். பிறகு வித்துராவில், பொன்முடி மலைக்குப் போகிற சாலையோரம் காரவனைக் கொண்டுபோய்க் கல்மேல் நிரந்தரமாக உட்கார வைத்தான். நன்றாகவே நடக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வருடத்தை நான் அவர்களுக்குத் திருப்பித் தர முடியாது.

போன ஓணத்துக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். பாயசம் குடித்ததும் வழக்கம்போலக் காரவன் கதை. மாசானம் சக்கரத்தை ஏற்ற மறந்த இடம் வந்ததும், “நிறுத்துங்க. மறந்தது நான்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியதையும் சொன்னேன்.

யாரும் அதிரவில்லை. செல்வி பாயச டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அன்னைக்குச் சாயங்காலம் வண்டியக் கட்டி இழுக்க வந்தப்பவே சுகுமாரன் சேட்டன் சொல்லிட்டாருண்ணே.”

“அப்போ இத்தனை வருஷமா எல்லாரும் இவனையே சொல்லிச் சிரிச்சீங்களே!”

“நீங்க எப்பத்தான் வாயத் தொறக்கீங்கன்னு பாத்தோம். ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சியத்தான் பாத்துச் சிரிச்சோம்” என்றாள். பிறகு, சிரிக்காமல், “மொதல் ரெண்டு வருஷம் எனக்குச் சிரிப்பு வரலண்ணே, அதையும் சொல்லிருதேன்” என்றாள்.

மாசானத்திடம், “எதுக்குலே அன்னைக்கு அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“உங்க ஸ்டூடண்ட் முன்னால நிக்கீங்களே அத்தான்” என்றான். வேறு காரணம் எதற்கு என்பதுபோல இன்னொரு டம்ளர் பாயசம் கேட்டான்.

எல்லோரும் புறப்பட்டுப் போன பிறகு, அடுப்படியில் கேஸை மூடிவிட்டேன் என்று பகவதியிடம் சொன்னேன். அவள் சரி என்றாள். பிறகு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இருபது வருடமாக அவள் அப்படித்தான் போய்ப் பார்க்கிறாள். கொஞ்சம் சந்தேகப் புத்தி என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.