என் முகத்துக்கு நடந்த வாஷ் டெஸ்ட்

திருப்பூரில் டி-ஷர்ட்டை யாரும் படிக்க மாட்டார்கள். கையில் கொடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள். பிறகு துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது கடைசிக் கவலை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கும் எனக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் கல்லூரிக் கடைசி வருஷத்தில், எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மத்தியானத்தில் மறந்துபோனது.

அந்த மத்தியானம் எங்கள் கல்லூரிக்கு ஒருவர் பேச வந்தார். தலைப்பு, பர்சனல் பிராண்டிங். கோட்டு, காலரில் மைக், ஓரிடத்தில் நிற்காத நடை. "நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு பிராண்ட். உங்கள நீங்களே விக்கலைன்னா வேற யாரு விப்பாங்க?" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. (பக்கத்தில் இருந்த தோழி நன்றாகத் தூங்கினாள். அவள் இன்று பேங்க் மேனேஜர்.)

சாயங்காலத்துக்குள் நான் ஆளே மாறிவிட்டேன். செல்போனில் எங்கெல்லாம் என் பெயர் இருந்ததோ அங்கெல்லாம் 'கனவுகளைத் தைப்பவள்' என்று சேர்த்தேன். (ஊசியில் நூல் கோக்க வராது.) டெய்லர் வேலைக்குப் போகப்போகிறாயா என்று என் தம்பி கேட்டான். இவனுக்கெல்லாம் பிராண்டிங் எங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு இண்டர்வியூ. மெர்ச்சண்டைசர் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடம் பேசி, சாம்பிள் அனுப்பி, ஆர்டர் கப்பலேறும் வரை கூடவே ஓட வேண்டும். அந்த வேலை மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. கிடைக்காவிட்டால் மறுவாரமே பேங்க் பரீட்சைக் கோச்சிங்கில் சேர்த்துவிடுவதாக அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கோ கணக்கு என்றாலே காய்ச்சல் வரும். (படித்தது பி.காம்.)

எல்லோரையும் போலக் காகிதத்தில் ரெஸ்யூம் கொண்டுபோனால் நான் என்ன பிராண்ட்? டி-ஷர்ட்டிலேயே அடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். முன்னால் சிரித்த என் முகம், அதற்குக் கீழே 'தரத்தில் சமரசம் இல்லை'. பின்னால் படிப்பு, மார்க், செல் நம்பர். யோசனை வந்த நிமிஷம் கட்டில் மேல் ஏறிக் குதித்தேன், பொய்யில்லை.

பெரியப்பா மகன் பிரபு அண்ணன் அனுப்பர்பாளையத்தில் பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தார். இண்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் நின்றேன். அடித்துக் கொடுத்தார். கலர் கலராக என் முகம் துணியில் இறங்கியதைப் பார்த்து எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அடித்த பிரிண்ட்டுக்கு மெஷினில் நன்றாகச் சூடு காட்டினால்தான் அது துணியில் பிடிக்கும். அதற்குக் கியூரிங் என்று பெயர்.

"இரு அம்மிணி, மெஷின் சூடாவட்டும். கியூரிங் போட்டுத் தர்றேன்," என்றார் அண்ணன்.

எனக்குப் பொறுக்குமா? வீட்டுக்குப் போய் அதோடு போட்டோ எடுக்க வேண்டுமே. ஃபேன் காற்றே போதும் என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பறந்தேன். காலையில் பாலிதீன் கவரில் மடித்துப் போட்டு, அதன் கழுத்தில் டேக் கூடக் கட்டினேன்.

கம்பெனி ரிசப்ஷனில் ரெஸ்யூமைக் கொடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்கள். ராணி மாதிரி கவரை நீட்டினேன். அந்தப் பெண் போனில் பேசிக்கொண்டே வாங்கி, பக்கத்தில் இருந்த கூடைக்குள் போட்டாள். அது சாம்பிள் கூடை என்று எனக்குத் தெரியாது. கவரில் டேக் கட்டி வரும் டி-ஷர்ட், திருப்பூரில் வேறு என்னவாக இருக்க முடியும்?

வெகுநேரம் கழித்து மேனேஜர் அம்மா உள்ளே கூப்பிட்டார். ரெஸ்யூம் எங்கே என்று கேட்டார். டி-ஷர்ட்டில் இருக்கிறது, ரிசப்ஷனில் கொடுத்திருக்கிறேன் என்று பெருமை பொங்கச் சொன்னேன். அவர் போனை எடுத்து விசாரித்தார். அவர் முகம் மெல்ல மாறியது. அதற்குள் கதவைத் திறந்துகொண்டு, சாம்பிள்களைத் துவைத்துச் சோதிக்கும் லேப்காரர் வந்தார். டி-ஷர்ட்டின் இரண்டு தோளையும் விரல்நுனியில் பிடித்திருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஐயோ, என் முகம்! ஒரு கண்ணைக் காணவில்லை. உதட்டுச் சிவப்பு மோவாயைத் தாண்டி வயிறு வரை வழிந்திருந்தது. முதுகுப் பக்கம், துணியின் எடையைப் பார்க்க வட்டமாக ஒரு துண்டு வெட்டியிருந்தார்கள். என் மார்க் இருந்த இடம் அதுதான். இத்தனைக்கும் நடுவே 'தரத்தில் சமரசம் இல்லை' மட்டும் பளிச்சென்று நின்றது.

"ஃபெயிலுங்க மேடம். பிரிண்ட் நிக்கலீங்க," என்றார் லேப்காரர். டி-ஷர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டி-ஷர்ட்டைப் பார்த்தார். "இவங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குதுங்க."

மேனேஜர் அம்மா சிரிக்கவில்லை. கைப்பழக்கத்தில் ஈர டி-ஷர்ட்டைத் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிரிண்ட் ஏன் போச்சுன்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. கியூரிங் போடலீங்க. நாந்தான் அவசரப்பட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

"தெரிஞ்சேவா கொண்டு வந்தே?"

கோச்சிங் சென்டர் கரும்பலகை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "தொவைப்பீங்கன்னு நெனைக்கலீங்க," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெர்ச்சண்டைசர் வேலை இப்போதைக்கு உனக்கு இல்லை என்றார். எனக்கு அழுகை முட்டியது. லேபில் ஒரு டிரெய்னி வேண்டும், வருகிறாயா என்று அடுத்த மூச்சில் கேட்டார். "இனிமே எதுவா இருந்தாலும் மொதல்ல தொவைச்சுப் பாத்துட்டு அப்புறம் வெளிய காட்டு, கண்ணு." பஸ்ஸில் வீடு வரை நின்றுகொண்டேதான் வந்தேன். சீட் காலியாக இருந்தும் சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை.

லேப் சுவரில் அந்த டி-ஷர்ட்டை மாட்டிவிட்டார்கள், கியூரிங் போடாவிட்டால் என்ன ஆகும் என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட. இன்று நான் அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்கள் வந்தால் முதலில் சுவரைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்த்துக் கை கொடுக்கிறார்கள். காலரில் மைக் மாட்டி வந்தவர் சொன்ன பிராண்டிங் இதுதான் போலிருக்கிறது.

வெள்ளகோவிலிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பட்டுச் சேலையில் பவுடர் பூசிக் காபியோடு போய் நின்றேன். "மாமா, ஒருக்கா தொவைச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்றான் தம்பி. அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. மாப்பிள்ளை கதை முழுவதையும் கேட்டுவிட்டு, துவைத்த பிறகு எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். காட்டினேன். சட்டையெல்லாம் காபி சிந்தச் சிரித்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்களை விட அந்த போட்டோவைப் பார்த்தவர்கள்தான் வெள்ளகோவிலில் அதிகம்.