பத்தடி ஸ்கிரீன்

காலை பத்து மணி. ராத்திரி ஷிப்டு முடித்து வந்த அருள்தாஸ், தலையணையைக் காதோடு அமுக்கிக்கொண்டு கூடத்தில் படுத்திருந்தான். டிவியில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். அந்தம்மா எட்டு வருஷமாக அழுகிறாள். இவனும் எட்டு வருஷமாக அதே பாயில் புரள்கிறான்.

மற்ற நாளாயிருந்தால் புலம்பிவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பான். ஆனால் நேற்று ஒரகடம் கம்பெனியில், தகடு அடிக்கிற மெஷின் முன்னால் நின்றபடியே கண் அசந்துவிட்டான். இன்னொரு தரம் தூங்கினால் கம்பெனி பஸ்ஸில் ஏறவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போனாலாவது வேறு தேடலாம், அந்த மெஷினில் விரல் போனால் எங்கே போய்த் தேடுவது?

"எல்லாம் இந்த டிவியாலதான்" என்றான் பெண்டாட்டியிடம்.

அம்முலு டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். "நான் ஒண்ணு சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

கூடத்தை ஒட்டி ஷீட்டுக் கூரை போட்டிருந்த ரூமைச் சினிமா ரூமாக்கிவிடுவதென்று அவனே முடிவு செய்தான். சத்தமெல்லாம் அங்கே, தூக்கமெல்லாம் இங்கே. கூட வேலை செய்யும் ஜெகன் சும்மா கிடந்த புரொஜெக்டரைக் கொடுத்தான். காஞ்சிபுரம் துணிக்கடையில் இருக்கும் மச்சான் பெஞ்சமினுக்குப் போன் போட்டு, பத்தடியில் ஒரு ஸ்கிரீன் எடுத்து வரச் சொன்னான்.

பெஞ்சமின் சொன்னபடி பத்தடியில் கொண்டுவந்தான். ஜன்னலுக்குப் போடுகிற ஸ்கிரீன். துணி பூராவும் மயில்.

"டேய், படம் காட்ற ஸ்கிரீன்டா."

"எங்க கடையில ஸ்கிரீன்னா இதான் மாமா. சாயம் போவாது."

வேறு வழி? திருப்பி மாட்டினார்கள். அப்படியும் மயில் தெரிந்தது. மாமியார் அழும்போதெல்லாம் கன்னத்தில் ஒரு மயில் தோகை விரித்தது. அவ்வளவுதான், தெருவுக்கே சேதி போய்விட்டது. உத்திரமேரூர் சந்தைக்குப் போகிறவர்கள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். ஷீட்டு ரூமுக்கு வழி கூடத்துக்குள்தான். "காலை மடக்குண்ணா, காலை மடக்குண்ணா" என்று அருள்தாஸைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

உள்ளே சிரிக்கிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க, சுவர் முழுக்க முட்டை அட்டையை மைதாப் பசை காய்ச்சி ஒட்டினான். பசை வாசனைக்கு எலி வந்தது. எலிக்குப் பயந்து பெண்கள் போட்ட கூச்சலுக்கு முன்னால் சிரிப்பே தேவலாம் போலிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் யாரிடம் போய் முறையிடுவான்? எலிப்பொறி வைத்தான். தெருப்பக்கமாகத் தனி வாசல் வைக்கக் கொத்தனார் செங்கேணியைக் கூப்பிட்டான்.

ரெண்டு நாள் சுவரை இடித்தார்கள். அந்த ரெண்டு நாளும் அவன் நன்றாகக் குறட்டை விட்டதாகச் செங்கேணி சொன்னார். கிண்டல் செய்கிறார் என்று இவனுக்குக் கோபம் வந்தது.

மூன்றாம் நாள் வாசல் தயார். எல்லாரும் வெளியாலேயே போய் வெளியாலேயே வந்தார்கள். வீடு நிசப்தம்.

அருள்தாஸ் நிம்மதியாகப் படுத்தான். பல்லி கத்துவது கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. அம்முலுவின் ஊசி துணியில் இறங்குவதுகூடக் கேட்டது. தூக்கம் மட்டும் வரவில்லை. நாலு நாள் இதே கதை. வேலைக்குப் போனால் மெஷின் தடதடவென்று ஆரம்பித்ததுமே கண் சொக்கியது. சூப்பர்வைசர் திரும்புவதற்குள் ஜெகன் விலாவில் குத்தி எழுப்பினான்.

அஞ்சாம் நாள் அம்முலு கூடத்து டிவியைப் போட ரிமோட்டைத் தேடினாள். அவன் அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தான்.

"அவ்ளோ பெரிய ரூம் போட்டுக் குடுத்துக்கீறேன், அங்க போய்ப் பாரேன்" என்றான். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"எனக்கு இன்னாத்துக்கு அது?" என்று அவள் கொக்கியை எடுத்தாள்.

எல்லாரையும் விரட்டிவிட்டு மயிலைக் கிழித்துப்போடுவதென்று எழுந்து சினிமா ரூமுக்குள் போனான். சண்டைக் காட்சி. ஷீட்டே அதிர்ந்தது. சண்டை முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

கரண்ட்டு போனது. சட்டென்று சத்தம் நின்றது. அருள்தாஸ் திடுக்கிட்டு விழித்தான். சட்டையெல்லாம் எச்சில். வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

"யாரு சத்தத்த நிறுத்தனது?" என்று அதட்டினான்.

ரூமே சிரித்தது. பக்கத்து வீட்டுச் சுகிர்தா மட்டும் சிரிக்காமல் அவனைப் பாவமாகப் பார்த்தாள்.

"அம்முலு அக்காவுக்குச் சீரியலே புடிக்காதுண்ணா. சத்தம் இருந்தாத்தான் நீ தூங்குவேன்னு எட்டு வருசமா டிவியப் போட்டுக்கினு உக்காந்துக்கீது."