நிமிர்ந்து பார்க்காத சம்பந்திகள்

மாப்பிள்ளை வீட்டார் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோதே கோதண்டம் மகளின் வேலையை மாற்றிவிட்டார்.

"நீ பேங்குல வேலை செய்யுற. யாரு கேட்டாலும் அதான், தெரிஞ்சிதா?"

"நான் பொய் சொல்ல மாட்டேன் நைனா," என்றாள் அம்மு.

"நீ வாயே தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

திருவொற்றியூர்க் குப்பத்தில் பஞ்சாயத்துக் கூடினால் முதல் நாற்காலி கோதண்டத்தின் குடும்பத்துக்குத்தான். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் சமூகப்பணியில் முதுகலை படித்துவிட்டு, கல்மண்டபம் பக்கத்தில் ஒரு குடி மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருக்கிறாள். நாள் முழுவதும் குடிகாரர்களோடு பேச்சு. அதைக் கேட்டே போன வருஷம் ஒரு சம்பந்தம் தட்டிப்போனது. இதுவும் போனால் அந்த முதல் நாற்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது?

வந்தவர்கள் விசைப்படகுக் குடும்பம். மாப்பிள்ளை ஜெயவேல், அவன் அப்பா ஜெகதீசன், சித்தப்பா நீலமேகம், தாய்மாமன் டில்லிபாபு. மாப்பிள்ளையின் அம்மா ஓரமாகப் பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கத் தொடங்கினார்.

அம்மு காபித் தட்டோடு வந்தாள்.

ஜெகதீசன் நிமிர்ந்து பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார். நீலமேகம் மின்விசிறியைப் பார்த்தார். டில்லிபாபு கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கலானார். அம்முவும் அவர்கள் முகத்தைப் பாராமல் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. விஷயம் தெரிந்துவிட்டதோ?

"பொண்ணு பேங்குல கீறா," என்றார் உரக்க.

நீலமேகத்துக்குக் காபி புரையேறியது.

நம்பவில்லை போலிருக்கிறது. கோதண்டம் இன்னும் ஒரு படி ஏறினார். "சாதா வேலை இல்ல. மேனேஜரு."

டில்லிபாபுவுக்கும் புரையேறியது. அவர் இன்னும் காபியைத் தொடவேயில்லை.

"எந்த பிராஞ்சு மாமா?" என்று ஜெயவேல் ஆசையோடு கேட்டான்.

"எல்லா பிராஞ்சும்," என்றார் கோதண்டம்.

அடுக்களையில் அவர் மனைவி மங்கை மகளின் காதைக் கடித்தாள். "ஒருத்தரும் மூஞ்சிய பாக்கலியே. பொடவ நல்லா இல்லியோ?"

அம்மு பச்சைப் புடவையை மாற்றி அரக்குப் புடவையில் பஜ்ஜித் தட்டோடு அனுப்பப்பட்டாள்.

ஜெயவேல் குழம்பினான். "இது பொண்ணோட அக்காவா?"

பெரியவர்கள் மூவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் கிடையாது. அதையே கப்பல் வருவது போல உற்றுப் பார்த்தார்கள்.

"அம்மு, பெரியவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லு," என்றார் கோதண்டம், கடைசி முயற்சியாக.

அம்மு சுவர் காலண்டரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவ்வளவுதான். மூவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள்.

கிளம்புகிறார்கள் என்று நினைத்த கோதண்டம் பாய்ந்து வாசலை மறித்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க? வந்ததுலேர்ந்து பாத்துக்கினே கீறேன். என் பொண்ணு மூஞ்சிய ஒருத்தராவது பாத்தீங்களா? தொட்டியப் பாக்கவா ஆட்டோ புடிச்சு வந்தீங்க?"

"ஐயையோ, அப்டி இல்ல சம்மந்தி..." ஜெகதீசன் அம்மு இருந்த பக்கம் திரும்பினார். சட்டென்று பார்வையை மறுபடி தொட்டிக்கே திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா, இப்பவும் திரும்பிக்கிறாரு!" கோதண்டத்தின் மீசை துடித்தது. "தெரிஞ்சிபோச்சு இல்ல? ஆமாய்யா, பேங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. குடிகாரங்களத் திருத்துற வேலதான் செய்யுறா. அதுல இன்னா கேவலம்? கண்டவன் வாந்தியத் தொடச்சி, அவன் பொண்டாட்டி அழுவுறதக் கேட்டு, அவன மனுசனாக்கி வூட்டுக்கு அனுப்புறா. உங்க வூட்ல ஒருத்தராச்சும் அந்த மாதிரி ஒரு வேல செஞ்சிருப்பீங்களா?"

சொல்லி முடித்தபிறகுதான், இதுவரை மகளிடம் ஒரு நாளும் இப்படிப் பேசியதில்லை என்று அவருக்கு உறைத்தது. அம்மு தட்டைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் போயிற்று, போகட்டும். அவர் கதவை அகலத் திறந்துவிட்டு முதுகை நிமிர்த்தி நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"கத்தாதீங்கண்ணா. இந்த மூணு பேரையும் குடிலேர்ந்து மீட்டு வூட்டுக்கு அனுப்புனதே உங்க பொண்ணுதான். 'வெளிய எங்கியாச்சும் பாத்தா தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்க, உங்க மானம் முக்கியம்'னு அது சொல்லி அனுப்பிச்சதத்தான், பாவம், பொண்ணு பாக்க வந்த எடத்துலயும் காப்பாத்திக்கினு கீறாங்க!"