சமையலறையில் நான் குதித்த குதி

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருகி, சொத்தை பார்த்துப் பொறுக்குகிற நாம், வீடு வாங்கும்போது மட்டும் பெயிண்டைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். நான் பெயிண்டைப் பார்த்து மயங்கவில்லை. (அந்த அளவுக்கு ஏமாளி இல்லை.) வீட்டைப் பரிசோதிக்க வந்த இன்ஜினியரைப் பார்த்து மயங்கினேன்.

2003இல் உத்தமபாளையத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். என் மனைவி செல்விக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த திராட்சைத் தோட்டத்தை விற்று, அந்தப் பணத்தில் வீடு வாங்குவதாக முடிவு. தோட்டம் அவளுடையது, பணம் அவளுடையது, மூளை மட்டும் என்னுடையது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்குமுன் விவரம் தெரிந்த ஆள் ஒருவரை அழைத்துப்போய்க் காட்ட வேண்டுமல்லவா? நான் நேரே வீட்டுப் புரோக்கரிடமே போய், "நல்ல இன்ஜினியரா ஒருத்தரச் சொல்லுங்க" என்றேன். (பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது என்பார்களே, அது.) வந்தவர் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார். பெல்ட்டில் அளவு டேப் தொங்கியது. சுவரை விரலால் மூன்று தட்டுத் தட்டி, "ஸ்ட்ரக்சர் ஸ்ட்ராங் சார்" என்றார். எனக்குப் புல்லரித்தது.

செல்விக்குப் புல்லரிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்து, அந்த வீடு கட்டும்போது சித்தாள் வேலை பார்த்த பேச்சியம்மாளைப் பக்கத்து ஊரான கோம்பையில் கண்டுபிடித்துவிட்டாள். முன்பணம் கொடுக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரைப் பஸ்ஸில் கையோடு அழைத்துவந்து அந்த வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"இவுக எதுக்கு?" என்று பல்லைக் கடித்தேன்.

"கட்டுனவுகளக் கேட்டா வீட்டோட அழகச் சொல்லுவாக. சொமந்தவுகளக் கேட்டாத்தேன் உள்ளதச் சொல்லுவாக" என்றாள்.

என்ன ஒரு யோசனை! இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இன்ஜினியர், புரோக்கர், வீட்டுக்காரர் மூன்று பேர் முன்னாலும் என் மானம் போகிறதே!

பேச்சியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் அறையிலும் குதிகாலை அழுத்தி அழுத்தி நடந்தார். சமையலறையில் நின்றார். ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகாமல் சமையலறையின் நடுவுக்கு ஓடிக் குளம் கட்டியது.

"இங்கன ஒரு கெணறு இருந்துச்சு சார். மூடயில மண்ணு பத்தலன்னு தென்னமட்டையையும் செத்தையையும் அள்ளிப் போடச் சொன்னாக. நாந்தேன் சொமந்து போட்டேன். இந்நேரம் எல்லாம் மக்கி, உள்ள பொந்தாத்தேன் இருக்கும்."

"அது எந்தக் காலத்துக் கெணறு!" என்று வீட்டுக்காரர் சிரித்தார். கிணறே இல்லை என்று அவர் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

இன்ஜினியர் கூலிங்கிளாஸை ஏற்றிவிட்டுக்கொண்டு, "டெக்னிக்கலா சான்ஸே இல்ல" என்றார்.

எனக்கு அது போதும். "ஏம்மா, படிச்சவுக சொல்றாக. இப்பப் பாருங்க!" என்று வேட்டியை மடித்துக் கட்டி, நடுச் சமையலறையில் ஒரு குதி குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் அந்த வீட்டை வாங்கியே இருப்போம். வெற்றிப் புன்னகையோடு இன்னும் கொஞ்சம் உயரமாகக் குதித்தேன்.

தரை உடைந்து வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. பாதத்துக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அலறியபடி திரும்பிப் பார்த்தால் இன்ஜினியரைக் காணோம். கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றார். அந்த வீட்டைப் பற்றி அவர் கொடுத்த ஒரே நேர்மையான சான்றிதழ் அதுதான்.

"அசையாதீக சார்! யாரும் கிட்ட வராதீக!" என்று கத்திய பேச்சியம்மாள், பரணில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, என் அக்குளில் கை கொடுத்தார். செல்வி அவர் கால்களைப் பிடித்துக்கொண்டாள். "ஜல்லி சொமந்த கை சார், விடாது" என்றபடி ஒரே இழுப்பு. நான் வந்துவிட்டேன். வேட்டி வரவில்லை. சத்தம் கேட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்களில் எங்கள் தலைமையாசிரியையும் ஒருவர். (பட்டாபட்டி டிரவுசரோடு வணக்கம் சொன்னேன். வேறு என்ன செய்வது?)

செல்வி திட்டவில்லை. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "எங்கப்பா தோட்டம் இதுக்குள்ளதேன போயிருக்கும்" என்றாள். எனக்கு மறுபடி அதே ஓட்டைக்குள் இறங்கிவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் மூன்று வீடுகளைப் பேச்சியம்மாள் வேண்டாமென்றார். நான் எங்கேயும் குதிக்கவில்லை. நான்காவது வீட்டில் நடந்து பார்த்துவிட்டு, "இங்கன நிம்மதியா ஒறங்கலாம் சார்" என்றார். இன்றுவரை உறங்குகிறோம், ஒரு சுவரில்கூட விரிசல் இல்லை. உள்ளங்காலை வைத்தே கட்டடத்தின் ஜாதகத்தைச் சொல்கிற அவரைப் போல ஒரு நிபுணரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சொந்தத்தில் யார் வீடு வாங்கினாலும் முதல் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். செல்வியின் தம்பி போன மாதம்கூடக் கூப்பிட்டான்.

"மச்சான், நாளைக்கு ஒரு வீடு பாக்கப் போறோம். பேச்சியக்கா ஊருல இல்லையாம். ஒங்க வலது கால மட்டும் கொஞ்சம் அனுப்பி வைக்கிறீகளா?"