அத்தான் எனக்குப் போட்ட மோதிரம்

எதையாவது அரைகுறையாகப் படித்துவிட்டால் அதை யாருக்காவது சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. கையில் மைக்கும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இந்த வியாதியால் என் அக்காவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அக்கா கட்டிக்கொண்டது ழூலியன் என்ற பிரெஞ்சுக்காரரை. மண்டபம் பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேருக்கும் சடங்குகளை விளக்கும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன் (ஒருவரும் கேட்கவில்லை). ஒரு வாரம் மெட்ரோவில் போகும்போதெல்லாம் ஐரோப்பாவின் மத்திய காலக் கல்யாணங்களைப் பற்றிப் படித்தேன். வாசலில் மைக்கைப் பிடித்து நின்று பிரெஞ்சில் முழங்கினேன்:

"அந்தக் காலத்தில் உங்கள் முன்னோருக்குப் பாதிரியாரும் வேண்டாம், பதிவும் வேண்டாம். சம்மதம் சொல்லி மோதிரம் போட்டால் கல்யாணம் முடிந்தது. பெண் வராவிட்டால் அவளுக்குப் பதிலாக வேறொருவர் நின்றும் மோதிரம் வாங்கலாம். பிறகு யாராலும் பிரிக்க முடியாது. நாங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான்!"

தாலியும் கூறைச்சேலையும் இருந்த தட்டு மாப்பிள்ளையின் தாயிடம் இருந்தது. "மதாம், என்ன நடந்தாலும் இதைக் கையிலிருந்து விடாதீர்கள்" என்றேன்.

பிறகு, பெண்ணின் தம்பி என்ற முறையில், மாப்பிள்ளைத் தோழனாக என் வேலை. தலைப்பாகையோடு குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். எங்கள் வழக்கப்படி அவர் என் விரலில் மோதிரம் போட்டார். "சரியா?" என்று கேட்டேன். 'ஆமாம்' என்பதற்கு அக்கா சொல்லிக்கொடுத்த, அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லை உரக்கச் சொன்னார்: "ஓம்!"

முப்பது பேரும் கைதட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைக்கூடத் துடைத்தார். என் பேச்சு மனதைத் தொட்டுவிட்டதென்று நான் பூரித்துப்போனேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து ஐயர் கேட்டார்: "தம்பி, தாலித் தட்டு எங்கை? நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணித்தியாலந்தான் கிடக்கு."

மாப்பிள்ளை வீட்டார் கதிரைகள் எல்லாம் காலி.

"மைக்கைப் பிடிச்சு என்னடா சொன்னனீ?" என்றார் அம்மா. மணவறையில் அக்காவின் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினேன். மரக்கறிக் கடை அண்ணை கத்தினார்: "மாப்பிளை ஓடுறார், பிடியுங்கோ!" இரண்டு பேர் பிடித்தும் விட்டார்கள்.

"நான் மாப்பிளை இல்லை அண்ணை, பொம்பிளையின்ர தம்பி!"

"அப்ப ஏன் ஓடுறாய்?"

விளக்க நேரமில்லை (வாழ்க்கையில் நான் விளக்காமல் விட்ட ஒரே சந்தர்ப்பம்).

மூலைக் கஃபேயில் முப்பது பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் பதிலாக நான் மோதிரம் வாங்கியதோடு கல்யாணம் முடிந்துவிட்டதாம், அதற்குக் கொண்டாட்டமாம். மதாம் மட்டும் எதையும் குடிக்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது.

அக்கா கூறையை எப்படித்தான் அவ்வளவு விரைவாக உடுத்தாளோ, நல்ல நேரம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியது.

என் விரல் பருத்துவிட்டதால் அந்த மோதிரம் இப்போது கழற்ற வராது. எனக்குப் பெண் பார்க்கும் பேச்சை அம்மா எடுக்கும்போதெல்லாம் அத்தான், இப்போது நன்றாகவே பழகிவிட்ட யாழ்ப்பாணத் தமிழில், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்வார்:

"அது ஏலாது, மாமி. இவன் என்னைக் கட்டினவன். பிரிக்க ஏலாதெண்டு இவன்தானே மைக்கிலை சொன்னவன்!"