பத்துத் தடவை வந்த மாப்பிள்ளை

நான் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். (எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள்.) ஐம்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, இடதுகால் துவண்டு போயிற்று.

"நாற்காலி நுனியில இருக்கணும். காலைப் பின்னால இழுத்து, முன்னால குனிஞ்சு, தன்னே எழுந்திருக்கணும். யாரும் தூக்கி விடக் கூடாது, கேட்டோ! தினம் பத்துத் தடவை. இல்லேன்னா படுக்கைதான்" என்றார் மலையாளி டாக்டர்.

மாமனார் ஒரு தடவைகூட முயலவில்லை. "இனிமே என்னத்துக்கு?" என்று சுவரைப் பார்த்தார். மாமி அழுதாள். என் மனைவி மங்களம் மட்டும் ஒன்றைக் கவனித்தாள். நான் ஆபீஸிலிருந்து நுழையும்போது அவர் தன்னை மறந்து முன்னே குனிந்து எழப் பார்த்தார். மாப்பிள்ளை வரும்போது உட்கார்ந்திருக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"அப்போ நீங்க பத்துத் தடவை வாங்கோ" என்றாள்.

வந்தேன். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டி, கழற்றி, உள்ளே வந்து, அவர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்ததும் மறுபடி வாசலுக்கு. சூழ்ச்சி அவருக்கும் தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. நாள் முழுக்க ஃபைல் புரட்டிவிட்டு வந்து இந்த உத்தியோகம். அவர் கால் தேறுமுன் என் கால் ஓய்ந்துவிடும் போலிருந்தது.

தெரு சும்மா இருக்குமா? மாப்பிள்ளையை வெளியே தள்ளுகிறார்கள், அவன் வெட்கமில்லாமல் திரும்பி வருகிறான் என்று செய்தி நாகர்கோவில் வரை போயிற்று. என் அப்பா பஸ் பிடித்து வந்தார். நான் ஏழு தடவை முடித்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"மானமில்லையாடா? கிளம்பு ஊருக்கு!"

"இன்னும் மூணு பாக்கி இருக்குப்பா" என்றேன். (இதைவிட மோசமாக விளக்கம் சொல்ல யாராலும் முடியாது.)

அப்பா கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தார். சம்பந்தியைக் கண்டதும் மாமனார் எதையும் பிடிக்காமல், இரண்டு கைகளையும் கூப்பியபடி நேராக எழுந்து நின்றார்.

"வாங்கோ!"

"அப்பா பிடிச்சுக்கவே இல்லே!" என்று மங்களம் கூவினாள். மாமி மறுபடி அழுதாள். திட்ட வந்த என் அப்பா, திறந்த வாயோடு, "முதல்ல நீங்க உட்காருங்கோ" என்றார்.

"நீங்க உட்காராம நான் எப்படி?"

மாமனாரின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. அப்பா வேறு வழியில்லாமல் பெஞ்சியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கதை தெரிந்த பிறகாவது என் அப்பாவை ஊருக்கு விட்டார்களா? "நீங்க வந்தா அப்பா இன்னும் நன்னா எழுந்துக்கறார்" என்று மங்களம் ஒரு வாரம் நிறுத்திக்கொண்டாள். அப்பாவும் நானும் வாசலில் முறை வைத்து நுழைந்தோம்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்கு முட்டி வலித்தாலும் "மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்கிறார்கள். இப்போது எனக்கே முட்டி பிடித்துக்கொண்டு எழ முடிவதில்லை. எனக்குப் பிறந்த இரண்டும் ஆண்.