எட்டாம் நம்பர்க்காரர்

மனிதர்கள் வயதில் பொய் சொல்வார்கள். தலைமயிரின் நிறத்தில் சொல்வார்கள். இளமையில் தங்களுக்காக உருகியவர்களின் எண்ணிக்கையில், ஐயோ, கூசாமல் சொல்வார்கள். இவற்றையெல்லாம் கடவுள் மன்னித்துவிடக்கூடும். ஆனால் பாதத்தில் பொய் சொல்கிற ஒரு ஜீவன் நம்மிடையே உலவுகிறதே, அதை அதன் சொந்தச் சுண்டுவிரல்கூட மன்னிக்காது. அவர்தான் எட்டாம் நம்பர்க்காரர்.

அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். எந்த விருந்துக்குப் போனாலும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் முதலில் கழலுவது அவருடைய ஷூதான். காலையில் பூங்காவில் ஊரே ஓடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே ஏதோ கல் புகுந்துவிட்டதுபோல ஒற்றை ஷூவைக் கவிழ்த்துக் கவிழ்த்து உதறிக்கொண்டிருப்பார். கல்லாவது மண்ணாவது! உள்ளே இருந்தது கால்தான்.

பதினெட்டாம் வயதில் யாரோ ஒரு கடைக்காரர் அவர் காலைப் பார்த்து "எட்டு" என்று சொல்லித் தொலைத்தார். அன்றோடு அது தலையெழுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, நின்று நின்று வேலை பார்த்ததில் முன்பாதம் தட்டிப்போட்ட மாவுபோல நாலாபக்கமும் பரந்தது. சட்டையை மாற்றினார், மூக்குக்கண்ணாடியை மாற்றினார், முன்வரிசையில் இரண்டு பல்லையே மாற்றினார். நம்பரை மட்டும் மாற்றவில்லை. கால் பெருத்தது என்று ஒப்புக்கொண்டால் காலம் போனதையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

அதனால் அவர் என்னென்ன செய்கிறார் தெரியுமா? ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை உருவி எறிகிறார். வெங்காயத்தோல் போன்ற சாக்ஸ் தேடி அலைகிறார். சுண்டுவிரல் முட்டும் இடத்தில் பிளேடால் கீறி ஒரு சின்ன ஜன்னல் வைக்கிறார். அந்த ஜன்னல் வழியே வெளியுலகத்தைப் பார்த்து ஏங்கும் சுண்டுவிரலின் கதையை, பிறந்ததிலிருந்து சூரியனைப் பார்க்காமல், பக்கத்து விரலின் முதுகில் ஏறி மூச்சுத்திணறி, நகம் கறுத்து, கொப்புளம் கண்டு, ஒரு சொல் முனகாமல் வாழ்ந்து தேயும் அந்தக் கடைக்குட்டியின் கதையைத் தொடர்கதையாக எழுதப் புகுந்தால் நூறு வாரம் போதாது. வாசகர்கள் கைக்குட்டை பிழிவார்கள். எட்டாம் நம்பர்க்காரர் மட்டும் கலங்கமாட்டார். அவரிடம் மந்திரம் இருக்கிறது:

"போடப் போட லூசாயிடும்."

எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர், இந்த இனத்தின் மாசற்ற மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், அளவெடுப்பதுதான் மனிதருக்குத் தொழில். கழுத்தில் தொங்கும் நாடாவைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது ஐயம். யார் உள்ளே நுழைந்தாலும் முகத்தைப் பார்க்குமுன் இடுப்பைப் பார்ப்பார்.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். பருத்த ஆசாமி ஒருவர் வந்து, வயிற்றை எக்கிக்கொண்டு, "எனக்கு எப்பவுமே முப்பத்திநாலு" என்பார். டெய்லர் நாடாவைச் சுற்றுவார். நாடா முப்பத்தெட்டு என்று கதறும். டெய்லரோ கடை முழுக்கக் கேட்கும்படி, "முப்பத்திநாலேதான் சார்! அப்படியே மெயின்டெய்ன் பண்றீங்க!" என்பார். அளவு நோட்டில் மட்டும் சத்தமில்லாமல் முப்பத்தெட்டரை என்று எழுதுவார். வாய்க்கு ஓர் அளவு, நோட்டுக்கு ஓர் அளவு. வந்தவர் தலை மறைந்ததும், பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் மனைவியிடம் கண்ணைச் சிமிட்டுவார்.

"துணிக்கு உண்மை தெரிஞ்சா போதும்மா. மனுஷனுக்குத் தெரிய வேண்டாம்."

இருபத்திரண்டு வருஷமாக அந்த அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்திருக்கிறாள். பேசமாட்டாள். ஊசியை வாயில் வைத்திருப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. கவனிப்பார்கள்.

இவர்களுக்கு ஒரே மகள். கல்லூரியில் படிக்கிறாள், மான்போல ஓடுவாள். ஊரில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, பிள்ளை என்று ஜோடி ஜோடியாக ஐந்து கிலோமீட்டர் ஓடும் ஓட்டம் ஒன்று உண்டு. போன வருஷம் அவள் அப்பாவையும் சேர்த்துப் பெயர் கொடுத்தாள். மூன்றாவது கிலோமீட்டரில் டெய்லர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார். எட்டாம் நம்பர் ஷூ இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரல் நகம் இரண்டும் நாவல்பழம். மகளும் நின்றுவிட்டாள். வேர்வை வழியப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் நடந்து போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டு ரிப்பனை ஒருவர் சுருட்டிக்கொண்டிருந்தார்.  

இந்த வருஷமும் மகள் இருவர் பெயரையும் கொடுத்திருந்தாள். ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது டெய்லர் புது ரன்னிங் ஷூ வாங்க மனைவியோடு கிளம்பினார். கடையில் இருந்த விற்பனைப் பெண் தொழில் தெரிந்தவள். அவர் காலைப் பார்த்ததுமே அளவுப் பலகையைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"சார், இது மேல ஏறி நில்லுங்க. ரெண்டு காலையும் பாக்கணும்."

"எதுக்கும்மா அதெல்லாம்? நான் எட்டு."

"நிக்கும்போது கால் விரியும் சார். உங்களுக்கு முன்பக்கம் நல்ல அகலம். அகலக் காலுக்குன்னே தனி மாடல் வருது."

"அகலமா? என் காலா? வீக்கம்மா அது! மாடி ஏறி வந்தேன்ல?"

கடை தரைத்தளத்தில் இருந்தது.

அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டாம் நம்பரை எடுத்துவந்தாள். கால் நுழைய மறுத்தது. டெய்லர் முக்கினார். குதிகாலை விரலால் நெம்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையை உதைத்தார். உள்ளே போயிற்று.

"பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேணும் சார். ஓடும்போது கால் முன்னாடி தள்ளும்."

"மத்தவங்க கால் தள்ளும். என் கால் நான் சொன்னபடி கேக்கும்."

நான்கு அடி நடந்து காட்டினார். கண்ணாடித் துண்டின் மேல் நடக்கும் மகாராஜாவின் கம்பீரம். கண்ணோரம் நீர் மினுங்கியது.

"எப்படி சார் இருக்கு?"

"கச்சிதம்! எட்டுன்னா எட்டுதான். போடப் போட லூசாயிடும்."

மனைவி அந்தப் பலகையை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் ஷூவைப் பழக்குகிறேன் என்று கடைக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார். வெட்டுமேசையிலிருந்து தையல் மிஷின், மிஷினிலிருந்து வெட்டுமேசை. மாலைக்குள் சப்பாணி நடை வந்துவிட்டது. கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"இந்த வருஷம் நான் பக்கத்து வீட்டு மாமாவோட ஜோடியா ஓடிக்கிறேன்ப்பா. அவர் பொண்ணு வெளியூர் போறாளாம். நீங்க கடைசில நின்னு கை தட்டுங்க. அதுவே எனக்குப் போதும்."

என்ன வார்த்தை சொல்லிவிட்டாள்! பக்கத்து வீட்டு மாமாவாம்! பெற்றவன் ஒருவன் குத்துக்கல்லாக இருக்கும்போது, வாடகைக்கு ஒரு அப்பா! "சரி கண்ணு" என்று டெய்லர் சிரித்தார். பிறகு மிஷினில் உட்கார்ந்தார். முப்பது வருஷமாக நேர்கோடாக ஓடிய கை, அன்றைக்கு ஒரு காலரைக் கோணலாகத் தைத்தது. மனைவி அதைக் கவனித்தாள். ஊசியை வாயிலிருந்து எடுத்தாள்.

"பெயர் மாத்துறத ஒரு வாரம் தள்ளிப் போடுடி" என்று மகளிடம் மட்டும் சொன்னாள்.

மறுநாள் மதியம் தனியாக ஷூக் கடைக்குப் போனாள். விஷயம் கேட்ட விற்பனைப் பெண், "காலை வரைஞ்சு கொண்டுவாங்கக்கா. ரெண்டு காலும். அவர் நின்னுட்டிருக்கும்போது, சாயங்காலமா எடுங்க. படுத்திருக்கிற காலும் காலைநேரக் காலும் பொய் சொல்லும்" என்றாள்.

வெட்டுமேசை முன்னால் டெய்லர் எப்போதும் வெறுங்காலோடுதான் நிற்பார். அன்று மாலை ஆறு மணிக்கு அவர் மும்முரமாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது, பழுப்புக் காகிதத்தோடு அந்த அம்மாள் மேசைக்கு அடியில் புகுந்தாள்.

"அங்க என்னம்மா பண்ற?"

"பட்டன் விழுந்துடுச்சுங்க. கொஞ்சம் வலது காலைத் தூக்குங்க... ம்ம், இப்ப வைங்க. நல்லா ஊனி நில்லுங்க."

"ஊனி நின்னா பட்டன் கிடைக்குமா?"

"கிடைக்கும். அசையாதீங்க."

"கூசுதும்மா!"

"இருபத்திரண்டு வருஷமா எனக்கும்தான் கூசுது. நில்லுங்க."

தையல் சாக்பீஸால் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு இழுத்தாள். வலது கால் இடதைவிட அரை விரற்கடை பெரியது. ஊருக்கே அளவெடுத்த மனிதரை, அவருடைய சாக்பீஸாலேயே, அவருடைய மேசைக்கு அடியிலேயே அளவெடுத்தாயிற்று.

கடையில் அந்தப் படத்தை விரித்தபோது விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, இது காலா, பலாப்பழமா? ஒன்பதரை, அதுவும் அகல மாடல். பெரிய காலுக்குத்தான் வாங்கணும். நீளம் மட்டும் கூட்டினா குதிகால் கழண்டு ஓடும். அகலம்தான் இவருக்கு வைத்தியம்."

"அதே நிறத்துல, அதே நாடாவோட கொடும்மா. எட்டாம் நம்பரைத் திருப்பி எடுத்துக்க. தரையைத் தவிர ஒண்ணையும் மிதிக்கல."

"நம்பரைப் பாத்தா சார் போட மாட்டாரே?"

"காலுக்கு உண்மை தெரிஞ்சா போதும்" என்றாள் அந்த அம்மாள்.

வீட்டுக்கு வந்து, போன வருஷத்துப் பழைய ஷூவில் நாடாவுக்கு அடியில் இருக்கும் நாக்கைப் புரட்டி, உட்புறம் தைத்திருந்த '8' என்ற துணிச் சீட்டைத் தையல் பிரித்து எடுத்தாள். புது ஷூவின் நம்பர் மேல் அதை வைத்துத் தைத்தாள். மூலைக்கு மூலை இரண்டு முடிச்சு.

மறுநாள் டெய்லர் ஷூவுக்குள் காலை விட்டார். நெம்பவில்லை, முக்கவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல இறங்கிற்று. விரல்களை அசைத்தார். விரல்கள் அசைந்தன! ஐந்து பிள்ளைகளும் தனித்தனி அறையில்! நாக்கைப் புரட்டிப் பார்த்தார். எட்டு. கடையே அதிரக் கத்தினார்:

"பாத்தியா! நான்தான் சொன்னேனே, லூசாயிடும்னு! அந்தக் கடைக்காரப் பொண்ணுக்கு என்ன தெரியும்?"

"ஆமாங்க" என்றாள் மனைவி, ஊசியோடு.

ஓட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை டெய்லர் தன் மகளுக்கு ஜோடியாகவே ஓடினார். மூன்றாவது கிலோமீட்டர் வந்தது. மகள் ஓரக்கண்ணால் அவர் காலைப் பார்த்தாள். அவர் போன வருஷம் உட்கார்ந்த நடைபாதையை ஒரு பழைய எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உட்காரவில்லை. நாலாவது வந்தது. மூச்சுதான் இரைத்தது, கால் வலிக்கவில்லை. முடிவுக்கோட்டில் ரிப்பன் இன்னும் விறைப்பாக நின்றது. இருவரும் கைகோத்துக்கொண்டு அதைத் தாண்டியபோது, வருடக்கணக்கில் ஊசியைத் தவிர எதையும் வாயில் வைக்காத அந்த அம்மாள் இரண்டு விரலை வைத்து விசிலடித்தாள் என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கு அதை அவளே சொன்னாள். நான் நம்பினேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டெய்லர் புல்தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். விரல்கள் குழந்தையின் விரல்போலச் சிவந்து கிடந்தன. "எட்டாம் நம்பரோட மகிமையைப் பாரு கண்ணு" என்று மகளிடம் காட்டுவதற்காக வெயிலில் நாக்கைப் புரட்டினார்.

விரல் சீட்டின் ஒரு மூலையில் நின்றது.

சாம்பல் நூல். அவர் கடையில் கால்சட்டை மடிக்கிற நூல். மூலைக்கு மூலை இரண்டு முடிச்சு. ஆயிரம் பட்டனுக்கு நடுவிலும் அவர் அடையாளம் கண்டுவிடுகிற முடிச்சு. தையல்காரருக்குத் தெரியாத தையலா? தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அவள் எங்கோ பறக்கிற காக்கையை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, என்ன நம்பர்?" என்றாள் மகள்.

டெய்லர் நாக்கை மெதுவாக மூடினார். 

"எட்டேதான் கண்ணு" என்றார். குரல்தான் கொஞ்சம் இறுகியிருந்தது.

அன்றிலிருந்து ஊரெல்லாம் எட்டாம் நம்பரின் பெருமையை இன்னும் உரக்கப் பேசுகிறார். ஒரே ஒரு மாற்றம். வயிற்றை எக்குகிறவர்களிடம் "முப்பத்திநாலேதான் சார்" என்று சொன்னபிறகு, மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவதில்லை. அவள்தான் சிமிட்டுகிறாள்.

அட, அப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். என் கால்சட்டைகளையெல்லாம் அவர்தான் தைக்கிறார். பத்து வருஷமாக என் இடுப்பு அதே முப்பத்திநாலுதான், அவரே வாய்விட்டுச் சொல்கிறார். உங்களுக்கும் ஷூ சமீபத்தில் திடீரென்று வசதியாகிவிட்டதோ? மோதிரம் சுலபமாகக் கழல்கிறதோ? நம்பர் அதே பழைய நம்பர்தானோ? அப்படியானால் நாக்கைப் புரட்டிப் பாருங்கள், தவறில்லை. ஆனால் தையலை மட்டும் பிரித்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாரோ மேசைக்கு அடியில் முட்டிபோட்டிருக்கிறார்கள்.